சிறுநீரகமும் குருதிச் சோதனையும்
(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



பயிர் வாடிய பின்னர் மண்ணைச் சோதிப்பதிலும் விதைப்பதற்கு முன்னர் சோதிப்பதே மேல் என்பதை நீவிர் அறிவீர். உடலுக்கும் இவ்விதி பொருந்தும். வடமத்திய மாகாணத்தின் நெற்செய்கைக் கிராமங்களில் 1990களில் வைத்தியர்கள் ஒரு சிறுநீரக நோயை அவதானித்தனர். சலரோகமோ உயர்ந்த குருதியமுக்கமோ இல்லாத கமக்காரரையும் அது பீடித்தது. பின்னர் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் காணப்பட்டது. இதற்கு ஒரே காரணம் என்று எதுவும் இன்னும் நிறுவப்படவில்லை. குடிநீர், வெயிலில் உடல் நீரிழத்தல், விவசாய இரசாயனங்கள் முதலியன ஆராயப்பட்டு வருகின்றன. ஆயின், நோயை முன்கூட்டியே கண்டறியும் வழி நம் கையில் உண்டு.

நமது தசைகள் நாடோறும் கிரியாற்றினின் என்னுங் கழிவுப் பொருளை உண்டாக்குகின்றன. சிறுநீரகங்கள் அதனைக் குருதியினின்றும் வடித்துச் சிறுநீருடன் போக்குகின்றன. வடிகால் அடைபட்டால் வயலில் நீர்மட்டம் உயர்வது போலச் சிறுநீரகம் தளர்ந்தால் குருதியிற் கிரியாற்றினின் உயரும். இதனை அளப்பதே இச்சோதனை. வைத்தியர் குருதியிலுள்ள யூரியாவையும் அளக்கச் சொல்லலாம். அது வயலுக்கு இடும் உரம் உடலிற் சேர்ந்ததன்று; நாம் உண்ணும் புரதத்திலிருந்து உடலே ஆக்குங் கழிவாகும்.

சோதனை எவ்வாறு நடைபெறும்? முழங்கை மடிப்பிலுள்ள நாளத்தில் ஊசி ஏற்றி, ஒரு தேக்கரண்டியளவு குருதி எடுப்பர். ஊசி குத்தும் நோவு கணப்பொழுதே. பஞ்சினாற் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தாற் போதும். இச்சோதனைக்குப் பொதுவாகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சீனியும் கொழுப்பும் உடன் சோதிக்கப்படுமாயின் வைத்தியர் கூறியவாறு நடக்க. முதல்நாள் இறைச்சியை மிகுதியாக உண்ணலும் கடும் உடலுழைப்பும் தவிர்க்கப்படல் நன்று. அவை அளவைச் சற்று உயர்த்தும். தண்ணீரை வழக்கம்போல் அருந்துக. நோவுக்கான குளிசைகள், நாட்டு மருந்துகள் உட்பட, உட்கொள்ளும் மருந்து யாவற்றையும் மறையாது சொல்லுக.

முடிவைப் படிக்கும்போது கிரியாற்றினின் எண்ணை மட்டும் நோக்கி மகிழவோ அஞ்சவோ வேண்டா. 1.2 மில்லிகிராம் என்னும் ஒரே அளவு, 25 வயது ஆணுக்கும் 65 வயதுப் பெண்ணுக்கும் வந்ததெனக் கொள்வோம். வயதையும் பாலையுஞ் சேர்த்துக் கணித்தால், சிறுநீரகம் வடிக்கும் வீதம் அவ்வாணுக்கு ஏறக்குறைய 86; அப்பெண்ணுக்கோ 50 மாத்திரமே. எனவே வடிப்பு வீதத்தையும் வைத்தியரிடங் கேட்டறிக. 90க்கு மேற்பட்டது பொதுவாக நலம். 60க்குக் குறைந்து மூன்று மாதங்களுக்கு மேல் நிலைக்குமாயின் அது நீடித்த நோய். 15க்குக் கீழ் இறங்கினால் சிறுநீரகம் செயலிழந்ததாகும். ஒருமுறை குறைந்த எண் வந்தமையால் மனமொடிய வேண்டா. வெயிலில் நீரிழந்த உடலிலும் அவ்வாறு வரலாம். சோதனையை மீளச் செய்வித்தே முடிவு கூறுவர்.

இன்னுமொன்று. இரு மதகுகளில் ஒன்று அடைபட்டாலும் மற்றையது நெடுநாள் ஈடுகொடுக்கும். அவ்வாறே சிறுநீரகத்தின் ஆற்றல் பாதியளவு குன்றும் வரையிலுங் கிரியாற்றினின் வழக்கமான அளவிலேயே நிற்கக்கூடும். ஆதலாற் சிறுநீரையும் உடன் சோதிப்பித்தல் வேண்டும். கால் வீக்கமும் உணவில் வெறுப்பும் தோன்றும் வரை காத்திருப்பவர் காலந்தாழ்த்தியவராவர்.

"நோயென்று சொல்லிவிட்டால் வயலை யார் பார்ப்பது?" என்று சிலர் சோதனைக்கு வர அஞ்சுகின்றனர். சோதனை நோயைத் தருவதன்று. இருக்கும் நோயைக் காட்டுவது. நீடித்த நோயில் இழந்த ஆற்றல் பெரும்பாலும் மீளாது. ஆயின் எஞ்சியதைக் காக்கலாம். குருதியமுக்கத்தை அடக்கி, நோவுக் குளிசைகளைத் தாமாக வாங்கி விழுங்குவதை நிறுத்தி, வைத்தியர் சொற்படி நடப்போர் பல்லாண்டு தொழில் செய்ய இயலும். தாமதித்து வருபவருக்கோ இயந்திரத்தாற் குருதியைச் சுத்திகரித்தலும் மாற்றுச் சிறுநீரகமுமே வழியாகும். அப்பொழுது வயலும் வீடும் ஒருங்கே தளரும்.

ஆகவே, சலரோகமோ குருதியமுக்கமோ உடையவரும், குடும்பத்தில் இந்நோய் கண்டவரும், நோய் பரவிய பகுதிகளில் வாழ்வோரும் ஆண்டுக்கொருமுறை அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிற் சோதனை செய்வித்துக் கொள்வாராக. முடிவுத் தாள்களை எறியாது சேர்த்து வைக்க. ஒரு தாள் இன்றைய நிலையைச் சொல்லும். பல தாள்களே நோயின் போக்கைச் சொல்லும்.