அலைவாய்ப் பாறையில் இருவகைச் சிப்பிகள்



விடுமுறையில் போர்ட் டிக்சன் சென்றோர், நீர் வற்றிய வேளையில் படகுத்துறைத் தூண்களைக் கொத்துக் கொத்தாகப் பற்றியிருக்கும் பச்சைச் சிப்பிகளைக் கண்டிருக்கக்கூடும். மலாய் மொழியில் இதனைக் ‘குப்பாங்’ என்பர். இதன் நெருங்கிய உறவான பழுப்புச் சிப்பி, தென்னாப்பிரிக்காவின் தென்கரைப் பாறைகளில் வாழ்கின்றது. அந்நாட்டில் 1970களில் மத்தியதரைக் கடற்சிப்பி என்னும் அயலினமும் வந்து புகுந்தது. இரண்டிற்கும் வேண்டுவன ஒன்றே: பற்றிக்கொள்ளப் பாறை, வடிகட்டி உண்ணக் கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள். அங்ஙனமாயின், ஒன்று மற்றொன்றை ஒழித்திருக்க வேண்டுமன்றோ? மேற்குக் கரையில் வேறோர் உள்நாட்டுச் சிப்பி, இவ்வயலினத்திடம் தன் இடத்தைப் பெரிதும் இழந்தது உண்மையே. தென்கரையிலோ இரண்டும் பாறையைப் பங்கிட்டுக் கொண்டன.

பாறையின் அடிப்பகுதியில் அலை கடுமையாக மோதும். பழுப்புச் சிப்பியின் பற்றுநூல்கள் வலியவை. ஆதலின் அவ்விடம் அதற்குரியது. மேற்பகுதியில் வெயிலும் வறட்சியும் மிகுதி. அங்குப் பழுப்புச் சிப்பி அடிக்கடி ஓட்டைத் திறந்து ஈரத்தை இழக்கின்றது. அயற்சிப்பியோ ஓட்டை இறுக மூடிக்கொண்டு தாங்குகின்றது. இடைப்பகுதியில் இரண்டும் கலந்து வாழ்கின்றன.

இதனை ஒற்றுமைக்கு உவமை காட்டச் சிலர் விரும்பலாம். யான் அவ்வாறு கூறமாட்டேன். அடிப்பகுதியில் குடியேறும் அயற்சிப்பிக்குப் பழுப்புச் சிப்பி முதலில் அலையினின்று காப்பளிக்கின்றது. பின்னர் அதுவே நெருக்கி அப்புறப்படுத்தியும் விடுகின்றது.

எனினும், அடி முதல் முடி வரை பாறை போர்த்தப்படுவதால் பயனடையும் உயிர்கள் பல. ரப்பர் மரங்களுக்கிடையே நாம் வளர்க்கும் மூடுபயிர் மண்ணின் ஈரத்தைக் காப்பதுபோல, சிப்பிப் படுகையும் ஈரத்தைக் காக்கின்றது. புழுக்களும் சிறு நண்டுகளும் நத்தைகளும் அதன் இடுக்குகளில் வாழ்கின்றன. இளஞ்சிப்பிகள் வந்து ஒட்டுவதும் பெரும்பாலும் முதிர்ந்த சிப்பிகளின் நூல்களுக்கிடையே தான். பாறையை முற்றாகச் சுரண்டினால், அடுத்த தலைமுறைக்கு ஒட்ட இடமிராது.

குவாசூலு-நத்தால் கரையிலுள்ள சொக்குலு மக்கள் ஏழைகள்; சிப்பி அவர்களுக்கு உணவு. தடை இருந்தமையால், இரவில் அஞ்சியஞ்சிப் பாராங் போன்ற கத்தியால் விரைந்து சுரண்டி வந்தனர். தடையால் மட்டும் பாறை காக்கப்படவில்லை. 1995இல் அவர்களையே பங்காளிகளாக்கி ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. கத்தியை விடுத்துத் திருப்புளியால் பெரிய சிப்பிகளை மட்டும் ஒவ்வொன்றாக நெம்பியெடுக்கவும், கொத்தின் எஞ்சிய பகுதியைப் பாறையிலேயே விட்டுவைக்கவும் அவர்கள் இசைந்தனர். அதன்பின் அவர்கள் பகலிலேயே, அனுமதியோடு, கடலுக்குச் சென்றனர்.