ரெட் பீல்ட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் 1994–97 வணிகவியல் பிரிவு மாணவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



விழாக்குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஏற்றுமதித் தொழிலில் என் அனுபவங்கள்'. முப்பது வருஷமாகத் தினமும் அதைத்தானுங்க பேசிக்கிட்டிருக்கேன். இன்னைக்கு ஒருநாளாவது வேற பேசலாமான்னு செயலாளரிடம் கேட்டேன். "என்ன வேணா பேசுங்கண்ணா, பத்து நிமிஷத்துல முடிச்சிருங்க, சாப்பாடு ஆறிப் போயிரும்" என்றார். அதனால் விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நான் வேலம்பாளையத்துக்காரன். எங்க வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அந்தக் காலத்தில் தெரிந்ததெல்லாம் பனியன் கம்பெனி கூரைகளும் காயப்போட்ட துணியும்தான். அதற்கு மேலே, எப்போதாவது மேற்கிலிருந்து சூலூர் விமானம் ஒன்று இரைச்சலோடு போகும். சத்தம் வந்த இடத்தில் தேடினால் விமானம் இருக்காது, அது முன்னாடியே போயிருக்கும். இதைக் கண்டுபிடித்தது எனக்கு ஆறு வயசில். பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

எங்க அப்பாரு சூலூரைப் பற்றி ஒரு கதை சொல்லுவார். "அது முதல்ல கப்பல்காரங்க விமானம்டா கண்ணு" என்பார். கடலே இல்லாத ஊரில் கப்பல்படைக்கு என்ன வேலை என்று நாங்க கேலி செய்வோம். ஆனால் அவர் சொன்னது சரிதான். நம் கடற்படையின் ஸீ ஹாக் ஜெட் விமானங்கள் கோவாவுக்குப் போகும் முன் சூலூரில்தான் இருந்தன. இன்று கோவாவில் இருக்கும் ஐஎன்எஸ் ஹன்ஸா தளத்தின் வேர் 1961-லேயே இங்கே தொடங்கியது. கோவா நம் கைக்கு வந்தபிறகு, 1964-ல், அங்கே மாறிப் போனது. அப்பாரு இருந்தவரைக்கும் அவர் சொன்னது நிஜம் என்று நாங்க ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

1996-ஆம் வருஷம், செப்டம்பர் மாசம். நான் மூன்றாம் ஆண்டு. பகலில் கல்லூரி, சாயங்காலம் ஒரு பவர் டேபிளில் செக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு, ஆனால் ஷிப்மெண்ட் இருந்தால் லீவு கிடையாது. கோவை ரெட் பீல்ட்ஸில் இருக்கும் விமானப்படை நிர்வாகக் கல்லூரிக்குப் பொன்விழா, விமான சாகசம் நடக்கப் போகிறது என்று என் நண்பன் ஒருத்தன் செய்தி கொண்டுவந்தான். அவன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்தக் கூட்டத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான்.

அந்த ஞாயிறு, 15-ஆம் தேதி, எங்க டேபிளில் அவசரமாக ஒரு லாட் முடிக்க வேண்டியிருந்தது. அப்பாருக்கு உடம்பு முடியலைன்னு சொல்லி லீவு வாங்கினேன். அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். "யாராச்சும் கேட்டா படுத்துக்கோங்க அப்பாரு" என்று சொல்லிவிட்டு, மூணு பேரும் அனுப்பர்பாளையம் வரை நடந்து, அவிநாசி ரோட்டில் கோயமுத்தூர் பஸ் பிடித்தோம். உட்கார இடம் இல்லை. லட்சுமி மில்ஸில் இறங்கி, புலியகுளம் வழியாக நடை.

உள்ளே போக எங்களிடம் அழைப்பிதழ் இல்லை. ஆகாசத்துக்கு யார் அழைப்பிதழ் கேட்பார்கள்? ரோட்டோரம் ஒரு மதில் மேல் ஏறி உட்கார்ந்தோம். வீட்டுக்காரம்மா வெளியே வந்து பார்த்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தோம். "புள்ளைங்களா, அது இடிஞ்ச செவுரு, மாடிக்குப் போங்க" என்றார்கள். அந்த அம்மா இன்று இருக்கிறார்களோ இல்லையோ, அவர்கள் கொடுத்த மோருக்கு இந்த மேடையில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் சத்தமே கேட்கவில்லை. கட்டிடங்களுக்கு மேலே ஆறு புள்ளி தெரிந்தது. அப்புறம் புள்ளிகள் இறக்கை ஆகி, ஆறும் ஒரே விமானம் மாதிரி எங்க தலைக்கு மேல் வந்தன. மாடியில் காய்ந்த மிளகாய் வற்றல் எல்லாம் நடுங்கியதுங்க. நேராகப் போய், அப்படியே செங்குத்தாக மேலே ஏறி, தலைகீழாகத் திரும்பி, மறுபடி எங்களை நோக்கியே இறங்கின. பின்னால் வெள்ளைப் புகை. என்ஜினிலிருந்து வரும் சூடான காற்றில் டீசலைப் பீச்சினால் அந்தப் புகை வரும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்த டீசல் எங்க கம்பெனி ஜெனரேட்டரில் ஊற்றுவதுதான், அதன் புகை கறுப்பு. விமானம் என்ன நிறம் என்று மட்டும் என்னைக் கேட்காதீங்க. காரணம் பின்னாடி சொல்றேன்.

அவை கிரண் விமானங்கள், பெங்களூர் எச்.ஏ.எல். தயாரிப்பு, பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகச் செய்தவை. குழுவின் பெயர் சூர்யகிரண். அதற்கு முன் ஹண்டர் விமானங்களை வைத்து 'தண்டர்போல்ட்ஸ்' என்று ஒரு குழு இருந்து, எண்பதுகளின் கடைசியில் நின்றுபோனது. அதன்பின் பிறந்த குழு இது. எங்களுக்கு அன்று தெரியாத ஒரு சங்கதி, பல வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்தது: சூர்யகிரண் குழு மக்கள் முன்னால் பறந்த முதல் நிகழ்ச்சியே அந்த ஞாயிற்றுக்கிழமைதான். டில்லி இல்லை, பெங்களூர் இல்லை, நம்ம கோயமுத்தூர். ஒன்பது விமானமாகப் பறந்ததெல்லாம் 1998-ல்தான். நாங்க பார்த்தது ஆறு. நாங்க முதல் ஷோவுக்கே போயிட்டோம், டிக்கெட் இல்லாமல்.

அவ்வளவு நெருக்கமாக எப்படிப் பறக்கிறார்கள் தெரியுமா? முன்னால் போகிற தலைவர் ஒருத்தர்தான் வழியைப் பார்ப்பார். மற்றவர்கள் பக்கத்து விமானத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். பூமி எங்கே, வானம் எங்கே என்று பார்க்க மாட்டார்கள். இடைவெளி சில மீட்டர்தான். நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கைமடிக்கிற பொண்ணு டைலர் கையைப் பார்ப்பது போல. டைலர் ஊசியைப் பார்ப்பார், அந்தப் பொண்ணு அவர் கையைத்தான் பார்க்கும். ஒரு நொடி தவறினால் ஊசி விரலில். இங்கே விரல், அங்கே உயிர்.

சாகசம் முடிந்ததும் நாங்க பேசிக்கொள்ளவே இல்லை. திரும்பி வரும்போது கருமத்தம்பட்டி தாண்டித்தான் என் நண்பன் வாயைத் திறந்தான். "மாப்ளே, நான் ஏர்போர்ஸ்ல சேரப் போறேன்." நானும் வர்றேன்டா என்று சொன்னேன்.

வேலம்பாளையம் வந்தால் எங்க வீட்டில் டேபிள் மேனேஜர் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்! அப்பாருவைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்துவிட்டார். அப்பாரு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். சிவாஜி தோற்றார். மேனேஜர் போனபிறகு எழுந்து உட்கார்ந்து, "எத்தனை விமானம்டா?" என்று கேட்டார். சொன்னேன். ஹார்லிக்ஸை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

டிகிரி முடித்து, ஏர்மேன் வேலைக்கு நானும் நண்பனும் விண்ணப்பம் போட்டோம். தாம்பரத்தில் தேர்வு. சேரன் எக்ஸ்பிரஸில் போனோம். எழுத்துத் தேர்வில் இரண்டு பேரும் பாஸ். ஓட்டத்தில் நான் அவனுக்கு முன்னால் வந்தேன், இதை இன்று வரை அவன் ஒப்புக்கொள்வதில்லை. அப்புறம் மருத்துவப் பரிசோதனை. ஒரு டாக்டர், புள்ளி புள்ளியாக இருக்கிற ஒரு புத்தகத்தை விரித்து, என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். எனக்கு முன்னால் போனவன் வரிசையாகப் படித்துவிட்டு வந்தான். நான் பார்த்தேன். புள்ளிதான் இருக்கிறது, எண்ணே இல்லை. அடுத்த பக்கம். இல்லை. என்னைச் சோதிக்க வெறும் புத்தகத்தைக் காட்டுகிறார் என்றே நினைத்தேன். "தம்பி, உனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாப் பிரிஞ்சு தெரியலை. இது நோயில்லை, பிறவி. ஆனா இங்க எடுக்க முடியாது" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு ஏர்போர்ஸ் ஞாபகமே வரவில்லை. செக்கிங் டேபிள்தான் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் பழுப்புப் பீஸும் பச்சைப் பீஸும் கலந்த ஒரு கட்டை நான் பாஸ் பண்ணி அனுப்பி, காண்ட்ராக்டர் எல்லார் முன்னாடியும் "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது" என்று கேட்டு, இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்தார். நானும் என் அசட்டைதான் என்று நம்பி, ராத்திரி தூங்காமல் கிடந்தேன். என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி, பழுத்த தக்காளி என்று காயாகப் பறித்துக்கொண்டு வந்து திட்டு வாங்குவார். எல்லாம் தாம்பரத்தில் அந்த நாற்காலியில் விளங்கியது. இந்தக் குறை தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது. அம்மாவுக்குத் தெரியும் நிறம் மகனுக்குத் தெரியாமல் போகலாம்.

வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. உயரம் பத்தலை என்று சொன்னேன். ஏனென்று கேட்டால், திருப்பூரில் ஷேடு தெரியாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பெண் யார் கொடுப்பார்கள்? நண்பனிடம் மட்டும் சொன்னேன். அவன் தேர்வாகி, 1998-ல் சேர்ந்தான். நான் மறுபடி பனியனுக்கே வந்தேன். கணக்கு, பேக்கிங், ஷிப்பிங் என்று, நிறம் பார்க்காத வேலையாகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சொந்தமாக யூனிட் போட்டபோது, டையிங்கிலிருந்து வருகிற சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுபோய், "இது நல்லா இருக்குதா பாரு" என்று மனைவியிடம் காட்டுவேன். அபிப்பிராயம் கேட்கிறேன் என்று அவர் சந்தோஷப்பட்டார். ஏழு வருஷம் கழித்து ஒருநாள் அவரே, "ஏனுங்க, உங்களுக்குப் பச்சை தெரியாதுதானே?" என்றார். கல்யாணமான முதல் தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலையிலேயே தெரிந்துவிட்டதாம். எங்க கம்பெனியில் வேலை செய்தவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் நடந்த விமான சாகசத்துக்கு மகளோடு போனேன். எழுபத்திரண்டு விமானங்கள். சூர்யகிரண் இப்போது கிரணில் பறப்பதில்லை. 2011-ல் குழுவை நிறுத்தி, 2015-ல் ஹாக் விமானங்களோடு திரும்ப ஆரம்பித்தார்கள். சாரங் ஹெலிகாப்டர்கள் வந்தபோது, "அது நம்ம சூலூர்க்காரங்க" என்று பக்கத்தில் நின்றவரிடமெல்லாம் சொன்னேன். மேலே மயில் வரைந்திருக்கும். "அப்பா, மயில் என்ன கலர், சொல்லுங்க பாக்கலாம்" என்றாள் மகள். மனைவி சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அன்று வெயில் கொடுமை. நாங்க தண்ணீர் இல்லாமல், ரயிலில் ஏறவும் முடியாமல், மைல் கணக்கில் நடந்தோம். கூட்டத்துக்கு வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துபோனார்கள் என்று ராத்திரி டிவியில் பார்த்தபோது, கோயமுத்தூர் மாடியும் மோரும் ஞாபகம் வந்தது. வேடிக்கை பார்க்கப் போனவர்கள், பாவம்.

என் நண்பன் இருபது வருஷம் விமானப்படையில் இருந்தான். பைலட் இல்லை, தரையில் விமானத்தைப் பராமரிக்கும் டெக்னீஷியன். 2018-ல் ஓய்வு பெற்று வந்தான். அதே வருஷம்தான் தேஜஸ் படைப்பிரிவு பெங்களூரிலிருந்து சூலூருக்கு வந்தது. நான் வெளியே வந்ததும் அது உள்ளே வருது பார் என்று சிரிப்பான்.

2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. துபாய் விமானக் கண்காட்சியின் கடைசி நாள். நம் தேஜஸ் சாகசம் செய்யும்போது விழுந்துவிட்டது. விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் இறந்தார். இமாசலப் பிரதேசத்துக்காரர், பணியில் இருந்தது நம் சூலூரில். செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் நண்பன் போன் பண்ணினான். ஒன்றும் பேசவில்லை. "டிவியில அதையே திருப்பித் திருப்பிப் போடறாங்க, அணைச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை உடல் சூலூர் வந்து, அன்றே சொந்த ஊருக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். தளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை ஓரம் நின்றோம். அப்போதுதான் அவன் சொன்னான்: "பைலட் ஏறும்போது பெல்ட்டை மாட்டிவிட்டு, ஏணியை எடுத்து, கட்டைவிரலைக் காட்டி அனுப்பி வைக்கறவன் ஒருத்தன் இருப்பான்டா. திரும்பி வர்ற வரைக்கும் அவன் கேப்பையே பார்த்துக்கிட்டு நிப்பான். அவனைப் பத்தி டிவியில வராது." இருபது வருஷம் நின்றவன் அவன். அன்றைக்குக் கருமத்தம்பட்டியில் அவன் சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு இருபத்தொன்பது வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு விமானம் போனது. அதுதானா, வேறு ஏதாவதா, எங்களுக்குத் தெரியாது. நண்பன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, விறைப்பாக நின்றான். நானும் நின்றேன். சத்தம் வந்த இடத்துக்கு முன்னாடி பார்த்தேன், அங்கே இருந்தது.

கிளாஸை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, "வாடா, போலாம்" என்றான்.

சாப்பாடு ஆறியிருக்கும். செயலாளர் மன்னிக்கணும்.