தோற்ற கருவி, பிழைத்த விதை



பேர்பெற்ற நிறுவனம் செய்த பொருள் என்றால், அது கட்டாயம் நிலைத்து நிற்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அப்படி நிலைக்காமல் போன ஒரு கருவியைப் பற்றி இன்று பார்ப்போம். பிள்ளைகளின் படிப்புக்காகப் பணம் சேர்த்து வைக்கும் பெற்றோருக்கு அதன் கதை பயன்படும். அந்தக் கருவியின் பெயர் சிடி-ஐ.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இசைவட்டு 1982ஆம் ஆண்டு கடைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்த வட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டுக் கேட்கலாம். பாட்டைப் பதியும் இடத்தில் படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பதிந்தால் என்ன? அதற்கான திட்டத்தை 1986இல் அவ்விரு நிறுவனங்களும் அறிவித்தன. 1991இல் பிலிப்ஸ், சிடி-ஐ கருவியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது.

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே இயக்கலாம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகப் பொருள்களைச் சுற்றிப் பார்க்கலாம், கலைக்களஞ்சியத்தைப் புரட்டலாம், விளையாடலாம். திரையில் காட்டுவதைப் பார்ப்பதோடு நில்லாமல், வேண்டியதை நாமே தேர்ந்தெடுக்கலாம். அந்நாளில் இது பெரிய புதுமை.

அப்படியானால் ஏன் தோற்றது? முதற்காரணம் விலை. கருவிக்கே பல நூறு டாலர். வட்டுகளைத் தனித்தனியே வாங்க வேண்டும். திரை முழுவதும் ஓடும் திரைப்படத்தைப் பார்க்க வேண்டுமானால், இன்னொரு துணைக்கருவியை வாங்கிச் செருக வேண்டும். இரண்டாவது காரணம் வேகம். வட்டிலிருந்து செய்தி மெதுவாகத்தான் வரும். அதுவரை பார்ப்பவர் காத்திருக்க வேண்டும். மூன்றாவது காரணமே முக்கியமானது. இது பள்ளிப் பாடத்துக்கா, விளையாட்டுக்கா, படம் பார்க்கவா? ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. பல வேலைகளைச் செய்தது; எதிலும் முதலிடம் பெறவில்லை.

இதற்கிடையே, வட்டு ஓட்டும் வசதியோடு கணினிகள் வந்தன. அவற்றில் கடிதம் எழுதலாம், கணக்கும் பார்க்கலாம். விளையாட்டுப் பிரியர்களுக்கோ, 1994 டிசம்பரில் சோனியே பிளேஸ்டேஷனை ஜப்பானில் வெளியிட்டது. முன்பு கூட்டாளியாக இருந்த நிறுவனமே போட்டிக்கு வந்தது! 1990களின் பிற்பகுதியில் சிடி-ஐ மறைந்தது.

ஆனால், நேயர்களே, உழைப்பு முழுவதும் வீண்போகவில்லை. ஓடும் படத்தைச் சுருக்கி வட்டில் அடக்க சிடி-ஐ கையாண்ட அதே முறையில்தான் 1993இல் விசிடி பிறந்தது. துணைக்கருவி செருகிய சிடி-ஐயிலும் விசிடியைப் போட்டுப் பார்க்க முடிந்தது. ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிடப் படந்தான் கொள்ளும். ஆகவேதான் நம் தமிழ்ப் படங்கள் இரண்டு மூன்று தட்டுகளாக வந்தன. முக்கியமான கட்டத்தில் தட்டு முடிந்துபோக, வீடே கூச்சலிட்டது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விசிடி வீடுவீடாகப் பரவியது. அது ஒரே வேலையைச் செய்தது, மலிவாகச் செய்தது.

இன்றும் கல்விக் கருவி என்று சொல்லி, தவணை முறையில் பலவற்றை விற்க வருகிறார்கள். கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இதோடு இன்னும் எதையெல்லாம் வாங்க வேண்டிவரும்? நம் பிள்ளை படிக்கும் பாடம், நம் பிள்ளைக்குப் புரியும் மொழியில் இதில் இருக்கிறதா? செய்தவர்களே நாளை இதைக் கைவிட்டால், கருவி நமக்குப் பயன்படுமா?

புதுமையைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், அதைச் சோதித்துப் பார்க்கும் செலவை நம் கூலிப் பணம் சுமக்க வேண்டியதுமில்லை. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வாங்குவோம்.