விலங்கோடு நாம் பேசும் தமிழ்



உயர்திணை, அஃறிணை எனப் பொருள்களை இரண்டாகப் பகுப்பது தமிழ் மரபு. விலங்கு அஃறிணை, ஆதலின் பூனை 'வந்தது' என்பதே விதி. ஆயினும், தாம் வளர்க்கும் பூனையை 'வந்துட்டான்' என்போர் நம்மிடையே பலர். இது பிழையா?

13ஆம் நூற்றாண்டு நன்னூலே இதற்கு விடை கூறியுள்ளது. உவப்பு முதலிய காரணங்களால் திணை மாறினும் குற்றமன்று என்பது பவணந்தி முனிவர் கருத்து. இதனைத் திணை வழுவமைதி என்கிறோம். மகிழ்ச்சி மிகுதியால் பசுவைத் தாயாகக் கூறுவதை உரைகாரர்கள் சான்றாகக் காட்டுவர். சினத்தாலும் இழிப்பாலும் திணை மாறுவதையும் அவ்விதியே ஏற்கிறது. ஒருவர்மேல் வெறுப்புற்று, 'அது இன்னும் வரலையா?' என்கிறோம் அல்லவா? ஆக, திணையை உயிரின் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, உறவும் தீர்மானிக்கிறது. இலக்கணத்துக்குள் பொதிந்த சமூகவியல் இது.

வழக்கு முன்னே செல்ல, விதி பின்னே வருவதை நம் சிங்கப்பூரிலும் கண்டோம். ஒருகாலத்தில் தேக்கா வட்டாரத்தில் மாட்டு வணிகம் செழித்திருந்தது. இன்று பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்களே அதற்குச் சாட்சி. கெர்பாவ் என்பது எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல். உழைப்புக்குத் துணைநின்ற விலங்கு மறைந்தது. வீட்டுக்குள் உறவாகும் விலங்கு வந்தது. வீவக வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. தடையை மீறியும் பல வீடுகளில் பூனைகள் வளர்ந்தன. 2024 செப்டம்பர் 1 முதல், உரிமம் பெற்று ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். சட்டமும் ஒரு வழுவமைதியைச் செய்தது எனலாம்.

இனி, நம்மைத் தொடும் கேள்விக்கு வருவோம். அப்பூனையோடு நாம் எந்த மொழியில் பேசுகிறோம்? பூனை பிழை திருத்தாது, மதிப்பெண் இடாது, எவரும் கேட்காத நேரத்தில் நாம் பேசும் பேச்சு அது. கூச்சமின்றித் தமிழ் பேச ஒரு பிள்ளைக்கு இதைவிட எளிய இடம் ஏது? அங்கும் தமிழ் ஒலிக்கவில்லையெனில், வகுப்பறைக்கு வெளியே அதற்கு இடம் சுருங்கிவிட்டது என்றே நாம் அஞ்ச வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வளர்ப்பு விலங்கோடு வீட்டார் பேசுவதை ஒரு வாரம் குறித்துவரச் சொல்லுங்கள்: பேசியவர் யார், எம்மொழியில், 'வந்தது' என்றா, 'வந்தான்' என்றா? திணை இலக்கணத்தை அக்குறிப்பேட்டிலிருந்தே தொடங்கலாம்.