பையும் பாதையும் பேரும்

(கல்முனையில் நடந்த சங்கப் பயிற்சியில் தோட்டத் தலைவர்மார், மாதர் தலைவிமார் முன்னிலையில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான நமது தோழர் ஆற்றிய உரை.)



மலையிலிருந்து ராவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கும் அம்மாமாரே, அக்காமாரே, தலைவர்மாரே, எங்களுக்குப் பாயும் சோறும் தந்து உட்கார வைத்திருக்கும் கல்முனை உறவுகளே!

வரும் வழியில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "சேர், கொழுந்து எடுக்கிற எங்களுக்குக் கடற்கரையில் என்ன படிப்பு?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திரா பக்கம் பூமி அதிர்ந்தபோது நமது நேரம் காலை 7 மணிகூட ஆகவில்லை. அலை இந்தக் கரைக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நாட்டில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு உயிர்களை இழக்கவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருவருக்கும் ஒரு தகவலும் வரவில்லை. எச்சரிக்கை சொல்ல அன்று நமக்கு ஒரு ஏற்பாடே இல்லை.

அதற்குப் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. கரையோரமெங்கும் எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன.

இப்போது மலைக்கு வருவோம். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. மண்ணுக்குள் போனவர்களில் பலருடைய உடல்கூட வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. அங்கே எச்சரிக்கை இல்லாமல் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, சனங்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் கிழக்குக் கரையால் ஏறி மலைநாட்டையே சரித்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போதும் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது.

ஆக, 2004இல் இந்தக் கரையில் எச்சரிக்கையே இருக்கவில்லை. இன்று எச்சரிக்கை வருகிறது. ஆனால் வந்த பிறகும் நம் சனங்கள் லயத்தை விட்டுக் கிளம்புவதில்லை. ஏன்? கேட்டால் மூன்று காரணம் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொண்டு போவது? எங்கே போவது? இன்றைக்குப் பேர் போய்விட்டால் என்ன செய்வது? ஆகவே பை, பாதை, பேர் என்ற இந்த மூன்றைப் பற்றி மட்டும் இன்று கதைக்கிறேன்.

முதலில் பை.

வெளிநாடுகளில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. கூடாரம், சிறப்புக் கத்தி, தண்ணீர் வடிகட்டி என்று ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் சாமான்கள். நமக்கு அவை வேண்டாம். பிள்ளையின் பழைய ஸ்கூல் பை போதும். அதுவும் இல்லையென்றால் கழுவிய உரப் பைக்கு இரண்டு தோள்வார் தைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கையில் பிள்ளை இருக்கும்.

அந்தப் பைக்குள் முதலில் போக வேண்டியது கடதாசி. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, சேமலாப நிதிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, பிள்ளையின் ஊசி அட்டை. வயதானவர்களின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருந்தால் அதுவும். ஒரு கடதாசி இல்லாததால் நாடில்லாதவர்களாக நின்ற சமூகம் நாம். வெள்ளத்தில் அது போனால் மறுபடி எடுக்க எத்தனை நாள் கந்தோர் வாசலில் நிற்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பொலித்தீன் பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, வாயை முறுக்கி மடித்து, சைக்கிள் டியூப் நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.

அடுத்தது விசில், டோர்ச். காசு கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டியவை அநேகமாக இவை இரண்டும்தான். இடிபாட்டுக்குள் கிடப்பவர் கத்தினால் சிறிது நேரத்தில் தொண்டை அடைத்துவிடும். விசிலுக்கு மூச்சு இருந்தால் போதும், சத்தமும் தூரம் போகும். மும்மூன்று தடவையாக ஊதுங்கள். அதை நூலில் கோர்த்துப் பிள்ளைகளின் கழுத்தில் போடுங்கள். டோர்ச்சின் பற்றரியைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்தால் கசிந்து கெடாது.

பிறகு படங்கு. நாம் இடுப்பில் கட்டுகிற படங்கும், இங்கே தோணியை மூடுகிற படங்கும் ஒரே வேலையைச் செய்யும். கூரையாகும், பாயாகும், மழைக்குப் போர்வையாகும். நாலு மூலையிலும் கயிறு கட்டி மடித்து வையுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரன் இரண்டு மூன்று இருந்தால், இரண்டு உறுதியான கம்புகளை அவற்றுக்குள் நுழைத்தால் நோயாளியைத் தூக்கும் கட்டில் தயார். உரப் பையின் அடி மூலைகளை வெட்டியும் அப்படிச் செய்யலாம். முதலில் பாரமான ஒரு ஆளை வைத்துத் தூக்கிப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு அடுப்பு வேண்டாதது வேண்டும். பொரித்த கடலை, அவல், பிஸ்கட், சீனி. நம் கல்முனை உறவுகள் பேரீச்சம்பழம் வைக்கிறார்கள். அது எளிதில் கெடாது, பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். கைக்குழந்தை இருந்தால் திரிபோஷ ஒரு பக்கெட். ஆளுக்கு ஒரு பெரிய போத்தல் தண்ணீர். தீப்பெட்டியும் மெழுகுதிரியும் இறுக்கமான மூடியுள்ள போத்தலுக்குள். பிரஷர், சீனி வருத்தக்காரரின் மருந்து ஒரு வாரத்துக்கு. பெண்களுக்கு வேண்டிய துணியும் உள்ளாடையும் ஒரு சால்வையும். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். முகாமில் போய் நின்று கேட்பதுதான் கஷ்டம்.

முகாமில் பிள்ளைகளை வாட்டுவது வயிற்றுப்போக்கு. தண்ணீரைத் துணியில் வடித்து, கொப்புளம் பொங்கக் கொதிக்க வைத்துத்தான் கொடுங்கள். பையில் ஜீவனி பக்கெட் இரண்டு வையுங்கள். அது இல்லையென்றால் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் சமமாக வழித்த 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு அளவு கூடக்கூடாது. வெள்ளத்தண்ணியில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். ஆகவே பையோடு ஒரு பழைய சப்பாத்தையும் கட்டி வையுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் பனடோலோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணீரில் நின்றதைச் சொல்லுங்கள்.

இந்தப் பை வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் இருந்தால் முதலில் நனைவதும் அதுதான்.

இரண்டாவது பாதை.

மழை எவ்வளவு பெய்தால் கிளம்ப வேண்டும்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. 100 என்றால் தயாராகுங்கள். 150 என்றால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால், வெளியேறுங்கள். இதை லயத்திலேயே அளக்கலாம். வரியில்லாத, நேரான உடல் கொண்ட பெரிய பிளாஸ்டிக் போத்தலைத் தோளுக்குக் கீழே வெட்டுங்கள். வெட்டிய தலையைக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டம்தான் பூச்சியம். அங்கிருந்து மேலே ஸ்கூல் அடிமட்டத்தை ஒட்டுங்கள். கூரையும் மரமும் மறைக்காத வெளியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் அளந்து, மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். பெருமழையில் போத்தல் நிறையுமுன் அளந்து ஊற்றிவிட்டு, கணக்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். என் வகுப்பில் 10 வயதுப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்.

ஆனால் மலை அறிகுறி காட்டினால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, சாயும் மரமும் போஸ்ட்டும், இறுகிப்போகும் கதவு, திடீரென்று கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் ஓடை, பெருமழையில் திடீரென்று வற்றும் ஓடை. இவற்றில் ஒன்றைக் கண்டாலே கிளம்ப வேண்டும். ஓடை வழியாக இறங்கக்கூடாது, மண்ணும் அந்த வழியாகத்தான் வரும். சரிவுக்குக் குறுக்காகப் பக்கவாட்டில் போங்கள்.

கடற்கரையில் கணக்கு வேறு. பூமி பலமாக அதிர்ந்தாலோ, கடல் உள்வாங்கினாலோ, இரைச்சல் கேட்டாலோ, கோபுரம் ஒலிக்கும்வரை நிற்காமல் மேற்கே வயல் பக்கம் நடக்க வேண்டும். முடியாதவர்கள் உறுதியான கொங்கிரீட் மாடியில் ஏற வேண்டும். முதல் அலையோடு முடிந்துவிடாது. அதிகாரிகள் சொல்லும்வரை திரும்பக்கூடாது.

ஓடும் தண்ணீர் மலைக்கும் கரைக்கும் பொது. 2024 நவம்பர் 26 அன்று நிந்தவூர் மதரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம், இங்கே பக்கத்தில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு கேளுங்கள். முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் பெரிய ஆளையும் சாய்க்கும். இன்னும் கொஞ்சம் ஏறினால் வாகனத்தையே மிதக்க வைக்கும். வீதி தண்ணீருக்குள் இருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. பிள்ளைகளை வெள்ளத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் இருக்கும் இடத்திலேயே பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

போகும் இடத்தை நாமாக ஊகிக்கக்கூடாது. ஸ்கூலும் கோயிலும்கூடச் சரிவில் இருக்கலாம். கிராம உத்தியோகத்தரையும் கட்டட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகளையும் அழைத்துக் காட்டி, எழுத்தில் வாங்குங்கள். பிறகு லயத்துக்கு லயம் பட்டியல் போடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர் யார், அவரைத் தூக்கும் நாலு பேர் யார், பிள்ளைக் காம்பராவில் எத்தனை குழந்தைகள், யார் யாரை எடுப்பது என்று பெயரோடு எழுதுங்கள். பகலில் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

சத்தம் எப்படிக் கொடுப்பது? இந்த ஊர்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் ஓய்ந்துவிடும். நம்மிடம் கரண்ட் வேண்டாத ஒன்று இருக்கிறது. அன்று நம் பாட்டன், பாட்டியை விடியுமுன் பெரட்டுக்கு எழுப்பத் தப்பு அடித்தார்கள். வேலைக்கு எழுப்பிய தப்பு உயிர் காக்கவும் எழுப்பட்டும். ஆபத்துக்கென்று ஒரு தனி அடியைத் தோட்டமே கூடித் தீர்மானியுங்கள். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 அம்பியூலன்ஸ், 119 பொலிஸ். இந்த மூன்று இலக்கங்களையும் சுவரில் எழுதுங்கள்.

மூன்றாவது பேர். இதைத்தான் சங்கம் செய்ய வேண்டும்.

பையும் பாதையும் இருந்தும், சிவப்பு எச்சரிக்கை நாளில் பெரட்டு நடந்தால் அம்மா மலைக்குத்தான் போவார். பேர் விழவில்லையென்றால் அந்த மாதக் கடைக்கணக்கு இடிக்கும். அரைப் பேருக்குப் பயந்து ஓடைக்கரை நம்பரில் கொழுந்து எடுக்கும் பெண்ணிடம் "ஏன் வரவில்லை" என்று பிறகு கேட்பதில் நியாயமில்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஒன்று: வெளியேறச் சொன்ன நாளுக்கு முழுப் பேர். அபாய நம்பரில் அன்று வேலை இல்லை.

இரண்டு: பாதுகாப்பான இடத்தின் சாவி இரவிலும் லயத்தில் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். அங்கே பெண்களுக்குத் தனிக் கழிவறையும் வெளிச்சமும் வேண்டும். பிள்ளைக் காம்பராவுக்கான பையை நிருவாகம் நிரப்பித் தர வேண்டும்.

மூன்று: அபாயம் என்று குறித்த லயங்களுக்கு மாற்றுக் காணியும் வீடும், உரிமைப் பத்திரத்தோடு. பையைக் கொடுத்துவிட்டுக் காணியை மறக்கடிக்க யாரையும் விடக்கூடாது. வீடு கட்டினாலும் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமிக்காகச் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் சிக்கிப் பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்தன. கட்டும்போதே யாருக்கு எந்த வீடு என்று பெயர்ப் பட்டியல் வேண்டும்.

அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இந்தக் கரையில் 10,000 பேருக்குக் கிடைக்காத நேரம் நமக்குக் கிடைக்கிறது. ஒரு மணி நேரமோ ஒரு இரவோ, அதை வீணாக்காமல் இருக்கத்தான் இந்தப் படிப்பு.

ஊருக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை பையைக் கட்டுங்கள். அடுத்த ஞாயிறு பாதையை நடந்து பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் கோரிக்கைக் கடிதத்தைக் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். எத்தனை தோட்டங்கள் அனுப்பின என்று அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிப்போம்.