தலைமையாசிரியரின் மேற்பார்வை
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது சங்கக் கணக்குகளை வருஷந்தோறும் தணிக்கை செய்கிறார்கள். தணிக்கையில் அகப்படுவது நடந்து முடிந்த பிழை. அடிக்கடி வந்து, காரியதரிசியின் பக்கத்தில் உட்கார்ந்து, “இதை இவ்வாறு எழுதலாம்” என்று காட்டிக்கொடுக்கும் மேற்பார்வையாளரோ, பிழை நேராமலே காக்கிறார். பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டாவது வேலை தலைமையாசிரியருடையது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். செம்படவர் பிள்ளைகளும், துறைமுக, ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளும், பிழைப்பிற்காக வெளி மாகாணங்களிலிருந்து வந்தோர் பிள்ளைகளும் அங்கே படிக்கின்றனர். ஒரே வகுப்பில், வீட்டில் தெலுங்கோ ஹிந்தியோ பேசும் குழந்தையும் இருக்கலாம். இவர்களுக்குக் கற்பிக்கும் முறை முழுவதையும் பயிற்சிப் பள்ளியிலேயே கற்றுவிட முடியாது.

2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில், திருவள்ளூர் ஜில்லா அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பெற்றது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கவும் கணக்கிடவும் வேண்டுமென்பதே அதன் நோக்கம். உபாத்தியாயர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பயிற்சியிற் கேட்டது வகுப்பில் வேரூன்றியதா என்பதை அருகிருந்து காணக்கூடியவர் தலைமையாசிரியரே.

ஓர் உதாரணம் கூறுகிறேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலாய் வாசிக்கிறது. உபாத்தியாயருக்குத் திருப்தி. கடைசி வரிசையில் உட்கார்ந்த தலைமையாசிரியரோ, அங்குள்ள பிள்ளைகள் உதட்டை மட்டும் அசைப்பதைக் காண்கிறார். பிள்ளைகள் முன்னிலையில் அவர் ஒன்றும் சொல்வதில்லை. மாலையில் தனித்து, “நாளொன்றுக்கு ஐந்து பிள்ளைகளைத் தனித்தனியே வாசிக்கச் சொல்லுங்கள்” என்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் வந்து பார்க்கிறார். உபாத்தியாயர் வளர்வது இவ்விதமே. குற்றத்தை மட்டும் குறித்துச் செல்லும் மேற்பார்வை, குற்றத்தை மறைக்கவே கற்பிக்கும்.

இதற்கு அவகாசம் வேண்டும். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, 150 பிள்ளைகளுக்கு மேற்பட்ட ஆரம்பப் பள்ளிக்கே வகுப்பாசிரியர்களுக்கும் மேலாக ஒரு தலைமையாசிரியர் உண்டு. சிறு பள்ளிகளில் அவரே வகுப்பெடுத்து, பதிவேடுகளையும் எழுதவேண்டியிருக்கிறது.

இங்கேதான் நமது கடமை தோன்றுகிறது. அச்சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள். குடிநீர், கூரை, மதில் முதலியவற்றிற்காக அலையும் வேலையை நம்மவர் ஏற்றுக்கொண்டால், தலைமையாசிரியருக்கு அந்த நேரம் மிஞ்சும். குழுக் கூட்டத்தில் மரியாதையுடன் அவரை ஒன்று கேளுங்கள்: “இந்த மாதம் எந்தெந்த வகுப்பில் உட்கார்ந்து பார்த்தீர்கள்? அதற்கு நாங்கள் என்ன உதவி செய்யலாம்?” இக்கேள்வியை மாதந்தோறும் மறவாமல் கேட்டு வந்தால், அதன் பலனை நம் பிள்ளைகள் அடைவார்கள்.