வாய் காய்ந்தவருக்கு ஒரு கிண்ணம் சாம்பார்

கெலுகோரில் ஒரு வீட்டில் காலைப் பசியாறல் நேரம். பெரியவர் ரொட்டி சானாயில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைக்கிறார். மெல்கிறார், மெல்கிறார், உள்ளே இறங்கவே இல்லை. வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. நோய் அடங்கியது; வாய்தான் காய்ந்து கிடக்கிறது.

மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடையேதான் அதிகம். வெற்றிலை பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். அதனால் இது நம் வீட்டுச் சங்கதி.

நமக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் உமிழ்நீர் ஊறுகிறது. காதருகிலும் தாடைக்கு அடியிலும் உள்ள சுரப்பிகள் மீது கதிர் பட்டால் அது குறைந்து, பசைபோல் கெட்டியாகிவிடும். சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் கொஞ்சம் திரும்பும், சிலருக்குத் திரும்புவதில்லை.

ரொட்டியைச் சாம்பாரில் நன்றாக ஊறவிட்டுக் கொடுங்கள், காரம் வேண்டாம். கையோடு தண்ணீர் போத்தல் இருக்கட்டும்; மடக்கு மடக்காகக் குடிக்கலாம். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து அடிக்கடி கொப்பளித்தால் கெட்டி எச்சில் இளகும். எலுமிச்சை மிட்டாய் சப்பினால் வாய் ஊறும் என்பார்கள், தயவுசெய்து வேண்டாம். உமிழ்நீர்க் காவல் இல்லாத பல்லைப் புளிப்பும் இனிப்பும் வேகமாக அரித்துவிடும். சீனியில்லாத சூயிங்கம் மெல்லலாம்.

பல் மருத்துவரிடம் போனால், கதிர்வீச்சு எடுத்ததை முதலில் சொல்லுங்கள். அது நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.